பீகாரில் பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம்: மனை உள்ளவருக்கு நல்ல சேவை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறக்குறைய 89 விழுக்காட்டினர் ஊரகத்தில் வாழும் மாநிலம் பீகார். அங்கே ஏழைகளின் வீட்டுப் பற்றாக்குறைக்கு அரசு தரும் முதன்மையான சேவை, பழைய இந்திரா வீட்டு வசதித் திட்டத்தை மாற்றியமைத்து 2016இல் கொண்டுவரப்பட்ட பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம். பணத்தைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு என்ற அளவில் இது பாராட்டத்தக்கது. திட்டமிடல் என்ற அளவில் குறையுடையது.

சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய், கட்டுமான நிலைக்கேற்பத் தவணைகளாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது. ஒவ்வொரு நிலையையும் இடக்குறிப்புள்ள ஒளிப்படத்தால் உறுதிசெய்த பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படுவதால், கட்டாத வீட்டைக் கட்டியதாகக் காட்டுவது முன்பைவிடக் கடினம். சமையலிடம் உட்படக் குறைந்தது 25 சதுர மீட்டர் பரப்பு என்பதும், வீட்டைப் பெண்ணின் பெயரிலோ தம்பதியர் இருவர் பெயரிலோ ஒதுக்க வேண்டும் என்பதும் நல்ல விதிகள்.

தொகைதான் இடிக்கிறது. 2024இல் மேலும் 2 கோடி வீடுகளுக்காகத் திட்டம் 2029 வரை நீட்டிக்கப்பட்டபோதும் 2016இல் நிர்ணயித்த அதே தொகையே தொடர்ந்தது. செங்கல், சிமெண்ட் விலையும் கொத்தனார் கூலியும் இடையில் ஏறியதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கதவு, சன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தோடு வேலை நிற்கும். அல்லது கூரைக்காகக் குடும்பம் வட்டிக்கு வாங்கும். தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் கான்கிரீட் கூரைக்கென்று தம் பங்காகக் கூடுதல் தொகை சேர்ப்பது இதனால்தான்.

பயனாளிப் பட்டியல் 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, கிராம சபையில் சரிபார்க்கப்பட்டது. விடுபட்டவர்களுக்காகப் பின்னர் தனிக் கணக்கெடுப்பும் நடந்தது. ஆனால் பற்றாக்குறை ஒரு நாளில் எடுத்த படம் அன்று. மகன் மணமுடித்துத் தனிக்குடித்தனம் போகும்போதெல்லாம் அது வளர்கிறது. இனி எத்தனை குடும்பங்கள் உருவாகும் என்ற மதிப்பீடு இல்லாமல் இலக்கு வைப்பது, நேற்றைய பாக்கியை அடைப்பது மட்டுமே.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் மனை. இத்தொகை வீடு கட்டத்தானே தவிர, நிலம் வாங்க அன்று. மனை இல்லாதவருக்கு நிலம் தரும் பொறுப்பு மாநிலத்தினுடையது. பீகார் அரசு மனை வாங்கத் தொடக்கத்தில் 60,000 ரூபாய் தந்த திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது; அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. ஆனால் மாநிலப் பரப்பில் சுமார் 73 விழுக்காடு வெள்ள அபாயமுள்ள பகுதி. அங்கே குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தாழ்ந்த நிலமாகவே இருக்கும். 2008இல் நேபாளத்தின் குசஹாவில் கோசி ஆற்றின் கரை உடைந்து சுபௌல், மதேபுரா, சஹர்சா மாவட்டங்கள் மூழ்கிய பிறகும், மண்ணடித்து மனையை உயர்த்தும் செலவுக்கென இந்த மத்தியத் திட்டத்தில் தனித் தொகை இல்லை. மலைப்பகுதிக்கு 1.30 லட்சம் என்று உயர்த்தித் தரத் தெரிந்தவர்களுக்கு, ஆற்றங்கரையின் கூடுதல் செலவு புரியாததல்ல.

மேடான இடத்தில் சொந்த மனையும் கையில் கொஞ்சம் சேமிப்பும் உள்ள குடும்பம் இத்திட்டத்தைத் தயங்காமல் நாடலாம். மனை இல்லாதவர் பட்டியலில் பெயர் வந்ததோடு நிறைவடையாமல், மனைக்கான விண்ணப்பத்தையும் உடனே வட்டார அலுவலகத்தில் கொடுத்து, தரப்படும் நிலத்தில் மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.