14,000 மணி நேரம் ஓடிய 20 டன் எக்ஸ்கவேட்டர்: ஐந்து ஆண்டுகள் வைத்திருந்த பின் ஒரு மதிப்புரை

சேலம் பக்கத்தில் மண் வேலையும் கிணறு வெட்டும் வேலையும் எடுத்துச் செய்யும் நான், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு 9,000 மணி நேரம் ஓடியிருந்த ஒரு 20 டன் எக்ஸ்கவேட்டரைப் பழையதாக வாங்கினேன். இன்று அதன் மீட்டர் 14,000 மணியைத் தாண்டி நிற்கிறது. எந்த நிறுவனம் தயாரித்திருந்தாலும் எங்கள் ஊரில் இந்த எந்திரத்துக்கு ஹிட்டாச்சி என்றுதான் பெயர் என்பதால், என்னுடையது எது என்பதை எழுதாமல் விடுகிறேன். கீழே வரும் பழுதுகள் வயதால் வந்தவை; அந்த வயதில் இந்த வகை எந்திரம் எதற்கும் அவை வரக்கூடும்.

வாங்கியது சரியான முடிவா என்று கேட்பவர்களுக்கு என் பதில், எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் ஒரு பிரஷர் கேஜை வாங்கி அதைப் பயன்படுத்தவும் கற்றுக்கொள்வீர்கள் என்றால் சரி என்பதே. இந்தத் தலைமுறை எந்திரத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சின் இரண்டு பெரிய பிஸ்டன் பம்புகளைச் சுழற்றுகிறது. அவற்றோடு உள்ளங்கை அளவில் ஒரு கியர் பம்பும் இருக்கிறது. பூம் (எந்திரத்தின் பெரிய கை), ஆர்ம் (அதன் முனையில் மடங்கும் கை), பக்கெட், எந்திரம் நகரும் செயின் எல்லாவற்றையும் அசைப்பது பெரிய பம்புகளின் எண்ணெய். அதன் உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோவை ஒட்டியிருக்கும். ஆனால் ஆபரேட்டர் கையிலுள்ள லீவர்களுக்குப் போவது கியர் பம்பு தரும் 40 கிலோ அளவிலான பைலட் எண்ணெய்தான். அந்தச் சிறிய அழுத்தம்தான் எண்ணெயைப் பிரித்து அனுப்பும் கண்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் என்ற தண்டைத் தள்ளித் திறக்கிறது. பெரிய பம்பின் தட்டைச் சாய்த்து எண்ணெயின் அளவைக் கூட்டுவதும் அதுவே.

இதை அறியாமல் நான் பணத்தை இழக்க இருந்த கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது கோடையில், காலையில் புதிது போல வேலை செய்த எந்திரம் பதினொரு மணிக்கு மேல், எண்ணெய் சூடானதும், எல்லா அசைவிலும் தளர்ந்தது. பார்க்க வந்த மெக்கானிக் கேஜ் எதையும் மாட்டாமல், மெயின் பம்பு தேய்ந்துவிட்டது, கழற்றிப் பெரிய பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, லட்சங்களில் ஒரு தொகையையும் எழுதிக் கொடுத்தார். அவர் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும்போது தேய்ந்த பம்பு உள்ளுக்குள் கசியத்தான் செய்யும். இன்னொருவர் வந்து அளந்து பார்த்தபோதோ சூட்டிலும் மெயின் பிரஷர் குறையவில்லை, பம்பின் உள்கசிவு வெளியேறும் கேஸ் டிரெயின் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்துப் பார்த்ததிலும் கசிவு அளவோடுதான் இருந்தது. காலையில் 38 கிலோ காட்டிய பைலட் பிரஷர் மட்டும் மதியம் 22 கிலோவுக்கு இறங்கியிருந்தது. கியர் பம்பை மாற்றினோம். செலவு முதலில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. எந்திரமும் அன்று மாலையே மண் அள்ளியது.

அதன் பிறகு எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, எல்லா அசைவும் குறைந்திருக்கிறதா, ஒன்று மட்டுமா என்பதுதான். எல்லாம் குறைந்தால் எண்ணெய் அளவு, டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் எண்ணெயை வடிக்கும் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர், பைலட் பிரஷர், சுமை ஏறும்போது எஞ்சின் தாங்குகிறதா என்பது, பம்பு என்ற வரிசையில் பார்ப்பேன். ஒன்று மட்டும் குறைந்தால் பம்பை யாரையும் தொட விடமாட்டேன். பழைய எந்திரத்தில் மிகவும் உதவும் முறை, ஒரே மாதிரியான இரண்டு பாகங்களை இடம் மாற்றிப் பார்ப்பது. நேராக ஓட்டும்போது எந்திரம் ஒரு பக்கம் இழுத்தது. சுழலும் மேல்பாகத்திலிருந்து கீழ்ப்பாகத்துக்கு எண்ணெயைக் கடத்தும் சென்டர் ஜாயிண்டுக்கு மேலே இடது, வலது செயின்களுக்குப் போகும் ஓஸ்களை மாற்றிப் பூட்டியும் அதே பக்கம்தான் இழுத்தது. பக்கம் மாறியிருந்தால் பழுது மேலே வால்விலோ பம்பிலோ இருந்திருக்கும். மாறாததால் கீழே தேடி, சென்டர் ஜாயிண்ட் சீல் போயிருப்பதைக் கண்டோம். சீல் கிட் விலை அதிகமில்லை, கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம்.

தூக்கி நிறுத்திய பூம் தானாக இறங்குவதும் இப்படித்தான். எல்லோரும் உடனே சிலிண்டர் சீலைக் குறை சொல்வார்கள். பக்கெட் தரையிலிருந்து சற்றே உயர்ந்து நிற்க, எஞ்சினை அணைத்து, அழுத்தத்தை வெளியேற்றி, பூமுக்கு அடியில் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, சிலிண்டரின் தண்டு (ராட்) வெளிவரும் பக்கத்து ஓஸைக் கழற்றிப் பாருங்கள். பூம் இறங்க இறங்க அந்த வாயிலிருந்து எண்ணெய் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் சீல் போயிருக்கிறது. எண்ணெய் வராமலே பூம் இறங்கினால் கசிவு வால்வு பக்கம். பழக்கமில்லாதவர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

ஃபில்டரைக் கழற்றித் தூக்கிப் போடுவது எனக்கு இப்போது கடிதத்தைப் பிரிக்காமல் கிழிப்பது போலத் தோன்றுகிறது. ரிட்டர்ன் ஃபில்டரின் காகிதத்தை அறுத்து வெயிலில் விரித்தால், பித்தளை நிறத் தூள் இருந்தால் பம்பு அல்லது மோட்டாரின் உட்பாகம் தேய்கிறது என்றும், கறுப்பு ரப்பர் துணுக்கு இருந்தால் சீலோ ஓஸின் உட்புறமோ உரிகிறது என்றும், இரும்புத் துகள் மின்னினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும் என்றும் தெரிந்துவிடும். எண்ணெய் பால் போல வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் சக்‌ஷன் பக்கம் காற்று இழுக்கிறது, பெரும்பாலும் ஒரு தளர்ந்த கிளாம்ப்தான்.

சூடுதான் இதன் பெரிய எதிரி, அதுவும் எங்கள் கல்குவாரிகளில். ஆயில் கூலரின் தகடுகளில் கல் தூசி, கசிந்த எண்ணெயோடு சேர்ந்து களிம்பாக ஒட்டிக்கொள்கிறது. காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து கம்ப்ரசர் காற்றை அடித்தால்தான் அது வெளியேறும். வாரம் ஒரு முறை இதைச் செய்யத் தொடங்கிய பிறகு மதியச் சூடு கண்கூடாகக் குறைந்தது. தேய்ந்த பம்புகளுக்குக் கோடையில் 46க்குப் பதில் அதைவிடக் கெட்டியான 68 கிரேடு எண்ணெய் பொருந்துகிறது என்பது என் அனுபவம். ஆனால் உங்கள் எந்திரத்தின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

மின்சாரப் பாகம் மிகக் குறைவு, அதுவே இதன் நிம்மதி. ஒரே ஒரு முறை, எஞ்சின் வேகம் தானாக இறங்கி ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது. கடைசியில் துருப்பிடித்த ஓர் எர்த் கம்பிதான் காரணம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் சரியானது.

என் கணக்கு நோட்டில் அதிகப் பணத்தை விழுங்கியது ஹைட்ராலிக் அல்ல, கீழ்ப்பாகம். செயின், அதைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட், மறுமுனையில் அதைத் தாங்கும் சக்கரமான ஐட்லர், ரோலர்கள் எல்லாம் ஒன்றையொன்று தின்னும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டின் மேல் புதுச் செயினைப் போட்டால் புதுச் செயின் சீக்கிரமே பழசாகிவிடும். செயினை வீணை நரம்பு போல இறுக்கி வைப்பது நல்லது என்று நினைக்கும் ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். சேற்று வேலையில் அது தேய்மானத்தைக் கூட்டவே செய்யும். மூட்டுகளிலுள்ள பின், புஷ்களுக்குத் தினமும் கிரீஸ் அடிக்கிறேன் என்று சொல்வதை நம்பாமல், காலையில் பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கியிருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படி ஒரு பழைய எந்திரத்தைப் பார்க்கப் போகிறவர் காலை நேரத்தில் போக வேண்டாம், குளிர்ந்த எண்ணெயில் எல்லா எந்திரமும் நல்ல எந்திரம்தான். இரண்டு மணி நேரம் கெட்டி மண்ணில் ஓட்டச் சொல்லி, சூடான பிறகு பைலட், மெயின் இரண்டு அழுத்தங்களையும் அளந்து, பூமைத் தூக்கி நிறுத்தி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மீட்டர் காட்டும் மணியை அதிகம் நம்பாதீர்கள், ஸ்ப்ராக்கெட் பல்லின் கூர்மை அதைவிட உண்மையைச் சொல்லும். என் எந்திரத்தைக் கேட்டு வருகிறவருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தைத் தருவேன். இப்போதைக்கு விற்கும் எண்ணம் இல்லை.