டீசல் லாரிக்கு 1500 வாட் கூலன்ட் ஹீட்டர்: வாங்கலாம், ஆனால் ஹோஸ் போகும் வழியைப் பாருங்கள்

குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சினுக்குள் சுற்றும் திரவமான கூலன்ட்டைச் சூடாக்கி எஞ்சினையும் சூடேற்றும், கரன்ட்டில் ஓடும் டேங்க் வகை ஹீட்டர் இது. இதில் பம்ப் கிடையாது. உள்ளே சூடான கூலன்ட் மேலேறும், அதன் இடத்துக்குக் குளிர்ந்த கூலன்ட் கீழிருந்து வரும். எஞ்சின் பிளாக்கின் (எஞ்சினின் உடல்பகுதி) துளையை மூடியிருக்கும் வெல்ஷ் பிளக்கைக் கழற்றிவிட்டு அங்கே சொருகும் பிளாக் ஹீட்டர் மலிவானது, பொருத்தவும் எளிது. ஆனால் அது தன்னைச் சுற்றியுள்ள பகுதியைத்தான் அதிகம் சூடாக்கும். டேங்க் வகையில் சூடு சிலிண்டர் ஹெட் வரை போகும். பெரிய எஞ்சினுக்கு என் ஓட்டு இதற்கே.

எவ்வளவு நேரம் போட வேண்டும்? சுமார் 1000 கிலோ எஞ்சின், 40 லிட்டர் கூலன்ட் என்று வைத்துக் கணக்கிட்டால், வெளியே சூடு போகாவிட்டாலும் மணிக்கு 9 டிகிரிதான் ஏறும். காற்றடிக்கும் இடத்தில் இன்னும் குறையும். அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே போடுங்கள். ஒரு டைமர் இருந்தால் நல்லது. டேங்கில் உறைந்து மெழுகான டீசலை இது இளக்காது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

ஹீட்டர் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. கோளாறு பெரும்பாலும் பொருத்துவதில்தான் வருகிறது. ஹீட்டரை எஞ்சின் மேலேயே மாட்டாதீர்கள், அதிர்வில் எலிமென்ட் (உள்ளே சூடாகும் கம்பி) சீக்கிரம் போய்விடும். சேஸிஸில், ரப்பர் வாஷர் வைத்து, பிளாக்கிலிருந்து கூலன்ட்டை வடிக்கும் டிரெயின் துளைக்கும் கீழே மாட்டுங்கள். வெளிவாய் மேல்நோக்கி இருக்கட்டும். உள்வாய் ஹோஸ் டிரெயின் துளையிலிருந்து வர வேண்டும். வெளிவாய் ஹோஸ் வாட்டர் ஜாக்கெட்டின் (எஞ்சினுக்குள் கூலன்ட் ஓடும் பாதை) உயரமான இடத்தில், எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கமாகச் சேர வேண்டும். ரேடியேட்டர் பக்கம் சேர்த்தால் சூடெல்லாம் ரேடியேட்டருக்குப் போய்விடும்.

பலர் கவனிக்காத இடம் அந்த டிரெயின் துளை. பிளக்கைக் கழற்றியதும் கூலன்ட் சொட்டுச் சொட்டாக வந்தால், உள்ளே துருவும் சேறும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். விறைப்பான கம்பியால் குத்தி, தாராளமாகப் பீறிடும் வரை சுத்தம் செய்த பிறகே ஃபிட்டிங் போடுங்கள். இந்த வேலையை எஞ்சின் முழுக்க ஆறியபின் மட்டுமே செய்ய வேண்டும்.

வெளிவாய் ஹோஸ் தொடக்கம் முதல் முடிவு வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும், சுழற்சி நிற்கும், எலிமென்ட் வறண்டு எரியும். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து ஹோஸ் விலகி இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது கூலன்ட் ஹீட்டர் வழியே தலைகீழாகப் பாயாமல் தடுக்கும் ஒருவழி வால்வின் அம்புக்குறியையும் சரிபாருங்கள்.

தண்ணீர் கலக்காத கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கூலன்ட் 60 சதவீதத்தைத் தாண்டினால் எலிமென்ட்டின் மேல் பிசுபிசுப்பாகப் படியும்; குழாய்த் தண்ணீரில் உப்பு படியும். ஒழுகல் அடைக்கும் பவுடர் போட்ட வண்டி என்றால், சிஸ்டத்தை முழுக்கக் கழுவிய பிறகு பொருத்துங்கள்.

கூலன்ட் ஊற்றியதும் கரன்ட் பிளக்கைச் செருகிவிடாதீர்கள். இங்கேதான் பல புது ஹீட்டர்கள் முதல் நாளே கருகுகின்றன. கேபின் ஹீட்டரைத் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓட்டி, காற்றை வெளியேற்றி, ஆறியபின் அளவை நிரப்பி, அப்புறம் கரன்ட் கொடுங்கள். கால் மணி நேரத்தில் வெளிவாய் ஹோஸ் சூடாகி, உள்வாய் ஹோஸ் அதைவிடக் குளிர்ந்திருந்தால் சரி. கொதிக்கிற சத்தம் கேட்டாலோ ஹீட்டரின் சொந்த தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் கரன்ட்டை நிறுத்தும் சுவிட்ச்) அடிக்கடி டிக் டிக் என்று மாறினாலோ உடனே நிறுத்துங்கள், காற்றோ அடைப்போ இருக்கிறது. முதல் சூடு ஆறியதும் கிளாம்ப்களை மறுபடி முறுக்குங்கள்.

1500 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர், 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம், எர்த் கட்டாயம். பிளக்கை டிரைவர் ஏறும் பக்கம் வையுங்கள், ஒயரோடு வண்டியை எடுத்துவிடும் அபாயம் குறையும்.

ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகம் வந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 230 வோல்ட் மாடலில் சுமார் 35, 120 வோல்ட் மாடலில் சுமார் 9.6 காட்ட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஹீட்டரின் தெர்மோஸ்டாட் கரன்ட் பாதையைத் துண்டித்திருப்பதால், நல்ல எலிமென்ட்டும் எரிந்துபோனது போலவே காட்டும். ஆறிய பிறகு அளந்து பாருங்கள்.