கியர் சைக்கிள் விழுந்த பிறகு: ஹேங்கரை நிமிர்த்துவதா, மாற்றுவதா?

போன மாதம் எங்கள் அடுக்ககத்து பார்க்கிங்கில் யாரோ ஸ்கூட்டரை எடுக்கும்போது என் சைக்கிளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். விழுந்தது வலப்பக்கம். கியர் சைக்கிள் விழவே கூடாத பக்கம் அதுதான். கியர் மாற்றும்போது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லர் அந்தப் பக்கம்தான் தொங்குகிறது.

ஹேண்டில்பாரோ பிரேக் லிவரோ திரும்பியிருந்தால் ஆலன் கீ போதும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கோட்டம் தெரிந்துவிடும். அப்புறம் சைக்கிளுக்கு நேர் பின்னால் குத்தவைத்துப் பார்த்தேன். பின் டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே இருக்கும் பல்சக்கரத்தோடு ஒரே கோட்டில் தொங்க வேண்டும். என்னுடையதில் கீழ்ச் சக்கரம் ஸ்போக்ஸ் பக்கம் ஒதுங்கியிருந்தது. டீரெய்லரை ஃபிரேமில் மாட்டும் ஹேங்கர் வளைந்துவிட்டது. அடி விழுந்தால் ஃபிரேமுக்குப் பதில் தான் வளையட்டும் என்றே செய்த அலுமினியத் துண்டு அது. இதைக் கவனிக்காமல், ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லர் ஸ்போக்ஸில் சிக்கிப் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

புதிது போட்டால் உலோகம் முழு பலத்தோடு இருக்கும், விலையும் பெரிதில்லை. ஆனால் எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும் ஹேங்கர் கிடையாது. ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவமும் துளைகளும் மாறும். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த பொது ஹேங்கரும் அதற்கென்றே செய்த ஃபிரேம்களில்தான் உட்காரும்.

நான் நிமிர்த்தினேன், இன்றும் அதையே சொல்வேன். காரணம் ஒன்றுதான்: புதிது மாட்டினாலும் அது நேராக நிற்கிறதா என்று கேஜ் (ஹேங்கரில் திருகி, ரிம்மோடு ஒப்பிட்டு அளக்கும் நீளக் கை) வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். எப்படியும் கேஜ் வேண்டும் என்றால், இருப்பதையே முதலில் சரிசெய்து பார்க்கலாமே.

மெக்கானிக் டீரெய்லரைக் கழற்றி, ஹேங்கரின் மரையில் கேஜைத் திருகினார். கீழே ரிம்மைத் தொட்ட முனை, மேலே திருப்பியபோது ஒரு விரல் அகலம் விலகி நின்றது. ஒவ்வொரு முறையும் வால்வு இருக்கும் இடத்தையே முனைக்கு நேராகக் கொண்டுவந்து அளந்தார். அப்போதுதான் ரிம்மின் கோட்டம் கணக்கைக் கெடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, நாலு திசையிலும் வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள் வந்ததும் நிறுத்தினார். கேஜ் இல்லாமல் டீரெய்லரையே கைப்பிடியாக இழுத்து நிமிர்த்தும் கடை என்றால் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

என்னுடையது 8 கியர். 11 கியரில் பல்சக்கரங்கள் இன்னும் நெருக்கம் என்பதால் சின்னப் பிசகும் உறுத்தும். ஒரு முறைதான் நிமிர்த்தியிருக்கிறேன். அலுமினியம் வளைய வளையத் தளரும், ஆகவே மறுமுறை விழுந்தால் மாற்றிவிடுவேன். கீறல் தெரிந்தாலோ மரை நசுங்கியிருந்தாலோ முதல் முறையே மாற்றுவதுதான் சரி. ஹேங்கர் ஃபிரேமோடு சேர்ந்தே வரும் ஸ்டீல் சைக்கிளில் நிமிர்த்துவதுதான் வழி, ஸ்டீல் அதைத் தாங்கும்.

கழற்றியபோதே ஹேங்கரைப் போட்டோ எடுத்து, துளைகளின் இடைவெளியை ஸ்கேலில் அளந்துவைத்து, அதே மாதிரி ஒன்றை வரவழைத்தேன். அது இப்போது சீட்டுக்கடியில் மாட்டிய சின்னப் பையில் இருக்கிறது.