புயல் நேரத்துல போலீஸ் வந்து துப்பாக்கியைக் கேட்டா: எதிர்த்து நிக்கறதா, ஒளிக்கறதா, குடுத்துட்டு கேஸ் போடறதா?

அமெரிக்காவுல துப்பாக்கி வச்சிருக்கறவங்க நாலு பேர் ஒண்ணா உக்காந்தா என்னைக்காவது இந்தப் பேச்சு வந்தே தீரும். வெள்ளம் வந்து ஊரே மூழ்கிக் கெடக்கு, கரண்ட் இல்ல, போன் இல்ல, அந்த நேரத்துல போலீஸ் கதவைத் தட்டி துப்பாக்கியைக் குடுன்னு கேட்டா என்ன பண்ணுவே? பாதிப்பேர் மீசையை முறுக்கிக்கிட்டு என் பொணத்தைத் தாண்டித்தான் எடுக்கணும்பான், மீதிப்பேர் வாயே திறக்க மாட்டான். வெறும் கற்பனைன்னா விட்டுடலாம், ஆனா 2005ல கத்ரீனா புயலப்போ நியூ ஆர்லியன்ஸ்ல இது நிஜமாவே நடந்துச்சு. யார் யார் என்ன பண்ணாங்க, அதுல யாருக்கு என்ன கெடச்சுதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, வீரமாப் பேசறதுக்கும் நடந்ததுக்கும் சம்பந்தமே இல்ல.

முதல்ல கதை. 2005 ஆகஸ்ட் 29 புயல் கரையைக் கடந்துச்சு, வெள்ளத்தைத் தடுக்கற கரை உடைஞ்சு ஊர்ல 80 சதவீதம் தண்ணிக்குள்ள. போலீஸ்லயே நெறைய பேர் வேலையைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. மேயர் ரே நாகின் எல்லாரும் ஊரைக் காலி பண்ணணும்னு உத்தரவு போட்டார். செப்டம்பர் 8ம் தேதி வாக்குல போலீஸ் தலைவர் எடி காம்பஸ், இனிமே இந்த ஊர்ல போலீஸ் ராணுவம் தவிர யார் கையிலயும் ஆயுதம் இருக்கக்கூடாதுன்னு அறிவிச்சார். சட்டப்படி வச்சிருந்தாலும் சரி, சொந்த வீட்டுக்குள்ள உக்காந்திருந்தாலும் சரி. ஆனா பாருங்க, பணக்காரங்களும் கம்பெனிகளும் காசு குடுத்து வச்சிருந்த தனியார் செக்யூரிட்டி ஆளுங்க பெரிய பெரிய ரைபிளோட தெருவுல நிக்கறாங்க, அவங்களுக்கு இந்த உத்தரவு பொருந்தலை. மக்களுக்கு எரிச்சல் வந்ததுல பாதி இதனாலதான்னு நெனைக்கிறேன்.

நியூ ஆர்லியன்ஸ் இருக்கற லூசியானா மாநிலத்துல எமர்ஜென்சி சமயத்துல ஆயுதத்தைக் கட்டுப்படுத்தலாம்னு பழைய சட்டம் ஒண்ணு இருந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டுதான் பண்ணாங்க. நம்ம ஊர்ல தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வருவாங்க, தேர்தல் முடிஞ்சதும் போய் எடுத்துக்குவாங்க, அதனால நமக்கு இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். அங்க லூசியானாவுல துப்பாக்கி வாங்கறதுக்கே பதிவு கெடையாது, எவன்கிட்ட எது இருக்குன்னு அரசாங்கத்துக்கிட்ட லிஸ்ட் கெடையாது, எடுத்துக்கிட்டுப் போனவங்க பலபேருக்கு ரசீதும் தரலை. இந்த ரசீது விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

சரி, எதிர்த்து நிக்கறது. எல்லாரும் வாயால தேர்ந்தெடுக்கற வழி இதுதான்.

இதுல ரொம்பப் பிரபலமான வீடியோ ஒண்ணு இருக்கு. ஐம்பது வயசு தாண்டின ஒரு அம்மா, வீடு மூழ்கலை, சாப்பாடு தண்ணி இருக்கு, நான் கெளம்ப மாட்டேங்கறாங்க. கலிஃபோர்னியாவுல இருந்து உதவிக்கு வந்த ஹைவே போலீஸ் சமையல்கட்டு வரைக்கும் வந்துட்டாங்க, கூடவே டிவி கேமராவும். துப்பாக்கி இருக்கான்னு கேக்க, அந்த அம்மா ஒரு பழைய ரிவால்வரை எடுத்துக் காட்டறாங்க. சுடற மாதிரி பிடிக்கலை, உள்ளங்கையில வச்சு இதோ இதுதான் இருக்குன்னு காட்டறாங்க, அவ்வளவுதான். அடுத்த செகண்ட் ஒரு ஆபீசர் பாய்ஞ்சு அப்படியே சுவத்தோட அமுக்கறார், கீழ விழறாங்க, தோள்பட்டை எலும்பு முறிஞ்சதா பின்னாடி கேஸ்ல சொன்னாங்க. கவனிங்க, அவங்க எதிர்க்கவே இல்ல, காட்டத்தான் செஞ்சாங்க. அதுக்கே இந்தக் கதின்னா, நிஜமா குறி பாத்து நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. தூக்கமில்லாம, ஊர் பேர் தெரியாத இடத்துல, எவன் எங்க இருந்து சுடுவானோன்னு பயந்துபோய் வர்ற போலீஸ்காரனுக்கு முன்னாடி கையில துப்பாக்கி தெரியறதே ஆபத்து.

இன்னொண்ணும் இருக்கு, இதைத் துப்பாக்கி ஆதரவாளருங்க அதிகமாப் பேச மாட்டாங்க. செப்டம்பர் 4ம் தேதி, அதாவது அந்த அறிவிப்புக்கு முன்னாடியே, டான்சிகர் பாலத்துல நடந்துபோன கறுப்பின மக்கள் மேல போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தாங்க, நாலு பேருக்குக் காயம். யார் கையிலயும் ஆயுதமே இல்ல. அவங்கதான் முதல்ல எங்களைச் சுட்டாங்கன்னு போலீஸ் கதை கட்டி, கேஸ் வருஷக்கணக்கா இழுத்து, கடைசியில 2016ல தான் அந்த ஆபீசருங்க குத்தத்தை ஒத்துக்கிட்டாங்க. அதே நாட்கள்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் அல்ஜியர்ஸ் பாயிண்ட்ங்கற ஏரியாவுல, வெள்ளைக்காரங்க சில பேர் துப்பாக்கியோட ரோட்டை மறிச்சு நாங்க ஏரியாவைக் காவல் காக்கறோம்னு நின்னு, அந்தப் பக்கம் வந்த கறுப்பின ஆளுங்களைச் சுட்டாங்க. அதுல ஒருத்தன் 2018ல குத்தத்தை ஒத்துக்கிட்டு 10 வருஷம் தண்டனை வாங்கினான். ஆக ஒரே துப்பாக்கி ஒருத்தன் கையில இருந்தா வீட்டுக்காரன், இன்னொருத்தன் கையில இருந்தா கொள்ளைக்காரன். எதிர்த்து நில்லுன்னு அட்வைஸ் பண்றவன் யாருக்கு பண்றான்னு பாக்கணும், அதை ஒரு கறுப்பின இளைஞன் நம்பி நின்னிருந்தா பாடிதான் போயிருக்கும்.

இந்த எதிர்ப்புப் பேச்சு அமைப்பாவே ஆனதும் உண்டு. ஓத் கீப்பர்ஸ்னு 2009ல ஆரம்பிச்ச கும்பல், எந்தெந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிய மாட்டோம்னு ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுல முதல் ஐட்டமே மக்கள்கிட்ட இருந்து ஆயுதத்தைப் பிடுங்கற உத்தரவு, அதுக்கு அவங்க காட்டின உதாரணம் கத்ரீனா. அந்தக் கும்பலோட தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸ் கடைசியில நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட விவகாரத்துல 2022ல குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கினார். அது வேற கதை, விடுங்க.

அடுத்தது ஒளிச்சு வைக்கறது, இல்லேன்னு சொல்லிடறது. உண்மையைச் சொன்னா பெரும்பாலான பேர் இதைத்தான் பண்ணிருப்பாங்க, ஆனா பண்ணவன் வெளிய சொல்லிக்க மாட்டான், அதனால எத்தனை பேர்னு கணக்கெல்லாம் வராது. லிஸ்ட் இல்லாத ஊர்ல இது சுலபம்தான். ஆனா போலீஸ்கிட்ட பொய் சொல்லிட்டு அப்புறம் கண்டுபிடிச்சாங்கன்னா, நல்ல நெலமையில இருந்த ஆளும் குத்தவாளி மாதிரி ஆயிடுவான். இன்னொரு சின்ன விஷயம், ஒளிச்சு வச்ச துப்பாக்கி நீங்க வீட்டை விட்டுப் போனப்புறம் யாருக்கு உதவும்? பூட்டின வீட்டுக்குள்ள பூந்து திருடறவனுக்குத்தான்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பாக்கணும்னா கனடா போகணும். 2013 ஜூன்ல ஆல்பர்ட்டாவுல ஹை ரிவர்ங்கற சின்ன ஊரு வெள்ளத்துல மூழ்கி, சுமார் 13,000 பேரையும் வெளியேத்திட்டாங்க. ஆர்சிஎம்பி, அதான் அவங்க தேசிய போலீஸ், யாராவது உள்ள மாட்டிக்கிட்டு இருக்காங்களான்னு பாக்க வீடு வீடா கதவை உடைச்சு உள்ள போனாங்க. அது சரி. ஆனா போன எடத்துல துப்பாக்கி கண்ணுல பட்டா அதையும் எடுத்துட்டாங்க, 500க்கும் மேல. இங்க எதிர்க்கறது ஒளிக்கறதுங்கற பேச்சுக்கே எடமில்ல, வீட்டுல ஆளே இல்ல. ஜனங்க ஊருக்கு வெளிய செக்போஸ்ட்ல நின்னு எங்களை உள்ள விடுங்கன்னு கத்திக்கிட்டு இருக்காங்க, துப்பாக்கிய எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஊரே கொதிச்சுது. பிரதமர் ஹார்ப்பர் ஆபீஸ்லயே இருந்து திருப்பிக் குடுங்கன்னு சொல்ற அளவுக்குப் போச்சு. கனடாவுல வீட்டுல துப்பாக்கிய பூட்டிதான் வைக்கணும்னு சட்டம், அவசரத்துல ஓடினவன் எங்க பூட்டறது, அதைக் காரணம் காட்டிதான் எடுத்தாங்க. அப்புறம் போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்கற கமிஷன் 2015ல அறிக்கை குடுத்துச்சு: ஆளைத் தேடி உள்ள போனது அதிகாரத்துக்கு உட்பட்டதுதான், ஆனா பல எடத்துல துப்பாக்கிய எடுத்தது வரம்பு மீறல். துப்பாக்கிங்க பெரும்பாலும் உடையவங்களுக்குத் திரும்பிப் போச்சு. எது எந்த வீட்டுதுன்னு பதிவு இருந்துச்சு, அங்கதான் நியூ ஆர்லியன்ஸ் தோத்துது.

இப்ப மூணாவது வழி, எடுத்துக்கோன்னு குடுத்துட்டு அப்புறம் கோர்ட்டுல பாத்துக்கறது. கேக்க சப்புனு இருக்கும். ஆனா கத்ரீனாவுல எதையாவது மாத்தினது இந்த வழி மட்டும்தான். செப்டம்பர் 22ம் தேதி துப்பாக்கி உரிமைக்காகப் போராடற என்ஆர்ஏ, செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன்ங்கற ரெண்டு அமைப்பும் ஃபெடரல் கோர்ட்டுல, அதாவது மத்திய அரசு கோர்ட்டுல, கேஸ் போட்டாங்க, மறுநாளே நீதிபதி ஜே ஜெயினி தடை உத்தரவு போட்டுட்டார், எடுக்கறதை நிறுத்து, எடுத்ததைக் குடு. ஒரே நாள்! அதுவும் எப்ப, துப்பாக்கி வச்சிருக்கறது தனி மனுஷனோட உரிமைன்னு உச்ச நீதிமன்றம் ஹெல்லர் கேஸ்ல 2008ல சொல்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி.

ஆனா உடனே கை தட்டிடாதீங்க. ஊர் நிர்வாகம் என்ன சொல்லுச்சு தெரியுமா, நாங்க எதையும் எடுக்கவே இல்லன்னு சாதிச்சாங்க. மாசக்கணக்கா அதே பாட்டு. கோர்ட் அவமதிப்புன்னு மறுபடி இழுத்தப்புறம் 2006 மார்ச்ல ஆமாங்க ஒரு 1,000 துப்பாக்கிக்கு மேல எங்ககிட்ட இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. பாத்தா பலதும் துருப்பிடிச்சுக் கெடக்கு. சரி என்னுதைக் குடுன்னு போனவன்கிட்ட, உன்னுதுதான்னு ஆதாரம் கொண்டாங்கறாங்க. ஐயா, வாங்கின பில்லு வீட்டோட வெள்ளத்துல போச்சு, தாத்தா விட்டுட்டுப்போன துப்பாக்கிக்கு எங்க பில்லு, எடுக்கும்போது நீ ரசீதும் தரலை. 2008 அக்டோபர்ல சமரசம் ஆகி கேஸ் முடியற வரைக்கும் இந்த இழுபறிதான். அதனால இந்த வழியில ஜெயிச்சது சட்டம், தனிப்பட்ட ஆள் நெறைய பேர் துப்பாக்கிய மறந்துட்டு வாழப் பழகிக்கிட்டாங்கன்னுதான் சொல்லணும்.

சட்டம் ஜெயிச்சதுங்கறது சும்மா இல்ல. 2006ல லூசியானா மாநிலமே சட்டத்தை மாத்துச்சு. அதே வருஷம் செனட்டர் டேவிட் விட்டர் கொண்டுவந்த திருத்தம் செனட்ல 84க்கு 16ன்னு பாஸ் ஆச்சு, கீழ்ச்சபையில இதைத் தூக்கிட்டு வந்தவர் அப்போ எம்பியா இருந்த பாபி ஜிந்தால், பின்னாடி கவர்னர் ஆனாரே அவரேதான். பேரிடர் நேரத்துல ஃபெடரல் அதிகாரியோ ஃபெடரல் பணம் வாங்கற போலீஸோ, சட்டப்படி வச்சிருக்கற துப்பாக்கியப் பறிக்கக்கூடாது, பறிச்சா கேஸ் போட்டு வக்கீல் செலவையும் வாங்கலாம். புஷ் அக்டோபர்ல கையெழுத்துப் போட்டார். அதே வாரத்துல வளர்ப்புப் பிராணிகளையும் சேத்து வெளியேத்தத் திட்டம் போடணும்ங்கற சட்டத்துலயும் கையெழுத்துப் போட்டார். கத்ரீனாவுல நாயை விட்டுட்டு வரமாட்டேன்னு வீட்டுலயே நின்னவன் நெறைய பேர், அவங்களுக்கும் இவங்களுக்கும் ஒரே வாரத்துல வழி பொறந்துச்சு.

அதுக்கப்புறம் இந்தக் கோர்ட் வழி வேகமாயிடுச்சு. நார்த் கரோலினாவுல கிங்னு ஒரு சின்ன ஊரு, 2010ல பனிப்புயல்னு எமர்ஜென்சி போட்டு வீட்டுக்கு வெளிய துப்பாக்கி எடுத்துட்டுப் போகத் தடை. பனி பெஞ்சதுக்கு துப்பாக்கித் தடையான்னு கேஸ் போய் 2012ல அந்தச் சட்டமே செல்லாதுன்னு தீர்ப்பு. 2017ல இர்மா புயலப்போ யூஎஸ் வெர்ஜின் தீவு கவர்னர் கென்னத் மாப், தேவைப்பட்டா ஆயுதம் தோட்டாவையெல்லாம் எடுத்துக்கலாம்னு நேஷனல் கார்டுங்கற ராணுவப் படைக்கு ஒரு உத்தரவு போட்டார், என்ஆர்ஏ கேஸ் போடுவோம்னு மிரட்டுச்சு, வீடு வீடா யாரும் போகலை. பழைய ஃபார்மட்ல இருந்த உத்தரவு, யாரும் படிச்சுப் பாத்திருக்க மாட்டாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

நாலாவது வழி ஒண்ணு இருக்கு, கதவைத் தட்டற வரைக்கும் வீட்டுல இல்லாம இருக்கறது. புயல் வருதுன்னதும் துப்பாக்கிய கார்ல பூட்டிக்கிட்டு சீக்கிரமாக் கெளம்பிடறது, சீரியல் நம்பரையும் பில்லையும் போட்டோ எடுத்து போன்லயும் மெயில்லயும் வச்சுக்கறது. ஃப்ளோரிடா 2015ல, வெளியேத்த உத்தரவு வந்தா 48 மணி நேரம் லைசென்ஸ் இல்லாமலே மறைச்சு எடுத்துட்டுப் போகலாம்னு சட்டம் போட்டுச்சு. டெக்ஸாஸ் ஹார்வி வெள்ளத்துக்கு அப்புறம் 2019ல அதையே ஒரு வாரம்னு ஆக்குச்சு. என்னைக் கேட்டா இதுதான் முதல் சாய்ஸ், சண்டையுமில்ல கேஸுமில்ல. போலீஸ் வாசலுக்கு வந்தப்புறம்னா கையைக் காலியா வச்சுக்கிட்டு, எங்க இருக்குன்னு வாயால சொல்லி, எழுதிக் குடுங்கன்னு கேட்டு, பேட்ஜ் நம்பரைக் குறிச்சுக்கிட்டு குடுத்துடறது ரெண்டாவது. ஒளிக்கறது அவனவன் ரிஸ்க். எதிர்த்து நிக்கறதை நான் லிஸ்ட்லயே சேக்க மாட்டேன்.

ஆனா சீக்கிரமாக் கெளம்பறதுன்னு ஈஸியா சொல்லிட்டேன், கத்ரீனாவப்போ நியூ ஆர்லியன்ஸ்ல கால்வாசி வீட்டுக்கும் மேல கார் கெடையாது. அவங்க போட் வந்தாதான் கெளம்ப முடியும், அந்த 2006 சட்டத்துலயே ஒரு விதிவிலக்கு இருக்கு, மீட்புப் படகு ஹெலிகாப்டர்ல ஏறணும்னா துப்பாக்கியைத் தற்காலிகமா குடுன்னு கேக்கலாம், எறங்கும்போது திருப்பித் தரணும். எறங்கற எடம் பெரும்பாலும் ஷெல்டர். ரெட் கிராஸ் ஷெல்டர்ல ஆயுதத்தை உள்ள விட மாட்டாங்க, அது தனியார் அமைப்பு, அவங்க ரூல் அவங்களுது. கார் இருக்கறவன் கார்ல பூட்டிட்டு உள்ள போயிடுவான். போட்ல வந்து எறங்கினவன் வாசல்ல துப்பாக்கியோட நின்னுக்கிட்டு என்ன பண்றதுன்னு அந்தச் சட்டத்துல ஒரு வரி கூட இல்ல.