கண்ணாடிக் கிண்ணமா, மண்சட்டியா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீட்டுக்குள் சக்குலண்ட் வளர்க்க எது தோது?

மூடி போட்ட கண்ணாடிக் குடுவையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பெரணிக்கும் பாசிக்கும் அது வீடு; உள்ளே ஈரம் ஆவியாகி மறுபடி மண்ணிலேயே இறங்கும். தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைக்கும் சக்குலண்டுக்கு வேண்டியது நேர்மாறு. ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி புழுக்கமான கோடையில் என்று இருக்கும் டர்பனில் அந்தக் குடுவைக்குள் வேர் காயவே காயாது. மிச்சம் இரண்டு: வாயகன்ற, மூடியில்லாத கண்ணாடிக் கிண்ணம், அடியில் ஓட்டையுள்ள அகலமான மண்சட்டி.

செடியின் பக்கம் நின்று பார்த்தால் மண்சட்டிதான். ஓரங்களிலும் ஈரம் ஆவியாகும், மிச்ச நீர் ஓட்டை வழியே வடியும். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டாலும் செடி தப்பும். கண்ணாடியில் ஊற்றியது அத்தனையும் உள்ளேயே நிற்கும். ஆனால் மணலும் கல்லும் அடுக்கடுக்காகத் தெரியும் அழகு மண்சட்டியில் வராது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வீட்டு வரவேற்பறை மேசைக்குக் கண்ணாடிதான் வேண்டும் என்றால் வைக்கலாம், தண்ணீரை அளந்து விடும் பழக்கம் இருந்தால்.

அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வடியாது. நுண்ணிய மண் தன்னால் முடிந்த நீரைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் நிரம்பினால்தான் கல்லுக்குள் விடும். கல் அடுக்குக்கு உள்ள பயன், நீர் தேங்கியிருப்பதைக் கண்ணாடி வழியே காட்டிக்கொடுப்பது. அதற்கு 1 செ.மீ. போதும், உயரத்தை மண்ணுக்கு விடுங்கள்.

25 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரமுள்ள கிண்ணத்துக்குச் சுமார் 3 லிட்டர் கலவை பிடிக்கும்: 3 முதல் 5 மி.மீ. பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) அல்லது கல் குருணை ஒன்றரை லிட்டர், கழுவிய பருமணல் முக்கால் லிட்டர், தொட்டி மண் முக்கால் லிட்டர். பியூமிஸைச் சலித்துத் தூசியை நீக்காவிட்டால் அதுவே சேறாகும். கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பும் உண்டு, பொடியாகவும் இருக்கும்.

நர்சரியிலிருந்து வந்த செடியின் வேரில் ஒட்டிய பீட் என்னும் கரிய மட்கை முழுக்க உதிர்த்து, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, உலர்ந்த கலவையில் நடுங்கள். முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்து. அறுபட்ட வேர் ஆறுவதற்குள் நனைந்தால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இனி எந்தச் செடி? கண்ணாடிக்கு ஹாவொர்த்தியாவும் காஸ்டீரியாவும். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் புதர் நிழலில் வளர்ந்து பழகியவை. சன்னல் வெளிச்சம் போதும். எச்செவேரியா மெக்சிகோச் செடி, நேர்வெயில் குறைந்தால் கழுத்து நீண்டு இலை விலகிவிடும். மண்சட்டியில் வெளித் திண்ணையில், மழை படாத இடத்தில் வையுங்கள். கல் போலவே இருக்கும் லித்தாப்ஸை இவற்றோடு சேர்த்து நடவே கூடாது. பழைய இலைச் சோடி சுருங்கி, அதன் ஈரத்தைக் குடித்துப் புதுச் சோடி எழும் காலத்தில் அதற்குச் சொட்டு நீரும் ஆகாது. பக்கத்துச் செடியோ தண்ணீர் கேட்கும்.

பூமியின் தென்பாதியில் இருப்பதால் வடக்குப் பார்த்த சன்னலே இங்கே வெயில் வரும் சன்னல். சென்னை, லண்டன் காணொளிகள் தெற்கு என்று சொல்வதைப் பின்பற்ற வேண்டாம். கோடை உச்சிவெயில் நேரே விழுந்தால் கண்ணாடிக்குள் இலை வெந்துபோகும். ஓர் அடி உள்ளே தள்ளி வையுங்கள்.

தண்ணீருக்கு 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, செடிக்கு ஒரு சிரிஞ்ச், வேர் அருகில். எப்போது என்பதை எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சி சொல்லும். அடி வரை குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். மணல் ஒட்டி வந்தாலோ, குச்சியின் நிறம் கறுத்திருந்தாலோ இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். கோடைப் புழுக்கத்தில் மூன்று வாரம்கூட ஆகலாம். லெனேசியா போன்ற ஜோகன்னஸ்பர்க் பகுதிகளில் காற்று உலர்ந்தது, கண்ணாடி அங்கே இவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் குளிர்கால உறைபனி இரவில் செடி சன்னல் கண்ணாடியைத் தொடக் கூடாது.

கீழ் இலை மெலிந்து சுருங்கினால் தாகம். கண்ணாடி போல ஒளி ஊடுருவி, தொட்டால் கொழகொழவென்றிருந்தால் அழுகல். அன்றே பிடுங்கி, வெட்டுமுகம் வெண்மையாகத் தெரியும் வரை தண்டை நறுக்கிக் காயவிடுங்கள். இலைக் கக்கத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. மருந்துக் கடைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடையுங்கள், வாரம் ஒரு முறை, மூன்று வாரம். வெயிலில் இருக்கும்போது துடைத்தால் இலை பொரிந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு செய்யுங்கள்.