இரண்டரை வருட லினக்ஸ்: தூங்கி எழுவது மட்டும்தான் தகராறு

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, அவனுடைய டெஸ்க்டாப்பில் 11 ஏறாது. "உன் வீட்டுல ரெண்டரை வருஷமா லினக்ஸ்தானே ஓடுது, நானும் போட்டுடவாடா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததெல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்.

மற்றதைப் பற்றி எழுத அதிகமில்லை. லினக்ஸின் ஒரு வகையான டெபியனை, அதன் 12-ஆம் பதிப்பு வெளிவந்த 2023-இல் போட்டேன். பிரிண்டர், தமிழ்99 விசைப்பலகை, வீடியோ எடிட்டிங் எல்லாம் முதல் வாரத்திலேயே சரியாகிவிட்டன. சஸ்பெண்ட், அதாவது திறந்ததை மூடாமலே கணினியைத் தூங்கவைப்பது, மட்டும் இன்றுவரை என் நிம்மதியைக் கெடுக்கிறது.

எங்கள் வீட்டில் கணினி இருப்பது படுக்கையறையில். மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து, ஒரு மணிக்கு எழுந்துவிடுவேன். திறந்ததெல்லாம் திறந்தபடியே இருக்க வேண்டும், மறுநாள் விட்ட வரியிலிருந்து தொடர வேண்டும். சும்மா நிற்கும்போது 60 வாட் இழுக்கும் பெட்டி, தூங்கினால் 3 வாட்தான். பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு நல்ல வசதியை விட மனசு வருமா?

முதல் தகராறு, தூங்கவே மறுத்தது. சஸ்பெண்ட் அழுத்தினால் விசிறி நிற்கும், விளக்கு அணையும், இரண்டே நொடியில் மறுபடி எல்லாம் எரியும். இருட்டறையில் அந்த வெளிச்சத்துக்கு மகள் எழுந்து உட்கார்ந்த இரவுகள் உண்டு. நடப்பதையெல்லாம் கணினி குறித்துவைக்கும் லாகில் தூங்கப் போன வரியும் எழுந்த வரியும் அடுத்தடுத்து இருந்தன. யாரோ எழுப்புகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

இங்கேதான் லினக்ஸ் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. ப்ராக் அடைவுக்குள் ஏசிபிஐ, அதற்குள் வேக்கப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. கணினியை எழுப்பும் உரிமை எந்தெந்தச் சாதனத்துக்கு உண்டு என்ற பட்டியல் அது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த உரிமை இருக்கிறதா இல்லையா என்று எழுதியிருக்கும். பெயரை அதே கோப்பில் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, எழுதினால் உரிமை போய்விடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் ஜிபிபி0 என்ற பிசிஐ பாலம், அதாவது மதர்போர்டில் கார்டுகளை இணைக்கும் பாதை, மாட்டியது. அதை அணைத்த அன்று பெட்டி காலைவரை தூங்கியது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, யாராவது விழுவதற்குள் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்பில் எழுதுவது அணைப்பதற்கான கட்டளை அல்ல, மாற்றிப் போடும் ஸ்விட்ச். இரண்டாவது முறை அதே பெயரை எழுதினால் உரிமை திரும்பி வந்துவிடும். ரீபூட் செய்தாலும் பழைய நிலைக்கே போய்விடும் என்பதால் கணினி துவங்கும்போது தானாக ஓட ஒரு சர்வீஸ் எழுதினேன். சில மாதம் கழித்து அதை மறந்து, துவக்கத்தில் ஓடும் இன்னொரு வழியான டெம்ப்ஃபைல்ஸ் விதியிலும் அதே பெயரைப் போட்டேன். ஒன்று அணைக்க, மற்றது ஏற்ற, பெட்டி மறுபடி இரவில் எழுந்தது. காரணம் பிடிபட இரண்டு வாரம் ஆனது. யுஎஸ்பி கன்ட்ரோலரின் பெயரை மட்டும் தொட வேண்டாம். அதையும் அணைத்தால் கீபோர்டைத் தட்டி எழுப்ப முடியாது.

இரண்டாவது தகராறுதான் கொடுமை. தூங்கும், எழும், திரை மட்டும் கறுப்பு. கேப்ஸ் லாக் விளக்கு தட்டத் தட்ட மாறியது, ஆகவே இயங்குதளத்தின் மையமான கர்னல் உயிரோடு இருக்கிறது. போனிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைவழி இணைப்பு மூலம் உள்ளே போனால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

கர்னலில் பிஎம் டெஸ்ட் என்று ஒரு சோதனை வசதி உண்டு. உண்மையாகத் தூங்காமல், தூக்கத்தின் படிகளை ஒவ்வொரு கட்டம்வரை நடத்தி, ஐந்து நொடி நின்று, திரும்பி வரும். நிரல்களை உறையவைப்பது முதல் படி. சாதனங்கள், பிளாட்ஃபார்ம், பிராசசர்கள், கடைசியில் கோர். எந்தப் படியில் திரும்பவில்லையோ அங்கேதான் கோளாறு. என் பெட்டி ஐந்திலும் தேறியது. அப்படியென்றால் மின்சாரம் உண்மையாகவே போகும்போது என்ன இழக்கிறோம் என்று பார்க்க வேண்டும். எஸ்3 என்ற இந்த ஆழ்ந்த தூக்கத்தில் ரேமுக்கும் எழுப்பும் சாதனங்களுக்கும் மட்டும்தான் மின்சாரம் உண்டு, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் அழிந்துவிடும். அதைத் தூங்கும் முன் எடுத்துவைப்பது கார்டை இயக்கும் நிரலான டிரைவரின் பொறுப்பு. என் கார்டின் மூடிய டிரைவர் (மூலநிரல் வெளியிடப்படாதது), சொன்னால்தான் முழுவதையும் எடுத்துவைக்கும். சொல்லாவிட்டால் முக்கியமென்று அது நினைக்கும் பகுதியை மட்டும்தான். காசு கொடுத்து வாங்கிய கார்டுக்கு, விழித்தெழ வேண்டும் என்பதை நான் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டுமா? இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. ஆனால் அதற்கான அளவுருவைப் போட்டு, சஸ்பெண்ட், ரெஸ்யூம் சர்வீஸ்களை இயக்கிய பிறகு ஒரு வருடம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன மாதம் டெபியன் 13-க்கு மாறினேன். நண்பன் கேட்ட மூன்றாம் நாள் இரவு, கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரில் ஒரு வீடியோவும் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குறிப்பும் திறந்திருக்க, தூங்கச் சொன்னேன். திரை கறுத்தது, விசிறி நிற்கவில்லை. வேறு டெர்மினலுக்கு மாறியும் கறுப்புதான். ஆல்ட், சிஸ்ரிக்யூ இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (வட்டில் எழுது, எழுதுவதை நிறுத்து, ரீபூட் செய்) என்று வரிசையாக அழுத்தி ரீபூட் செய்தேன். வட்டு பிழைத்தது, சேமிக்காத ஒன்றரைப் பக்கம் போயிற்று.

லாகில் காரணம் நேராக இருந்தது: டிரைவர் பிழை எண் மைனஸ் 5 கொடுத்துத் தூங்க மறுத்திருக்கிறது. டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இயல்பாகவே ரேமில் இருக்கும், அதிகபட்சம் ரேமில் பாதி. அந்த மாற்றம் நியாயமானதுதான், வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். என் டிரைவரோ கார்டின் நினைவகத்தைக் கொட்டிவைப்பது அதே டெம்ப் அடைவில். ரேம் 16 ஜிபி, கார்டு 8 ஜிபி, வீடியோ வேலையில் இரண்டுமே நிறைந்திருந்தன. கொட்ட இடமில்லை. கொட்டும் இடத்தை வட்டில் இருக்கும் வார் டெம்ப்புக்கு மாற்ற ஒரு வரி போதும், போட்டுவிட்டேன்.

எந்தக் கோளாறும் என்னிடம் காரணத்தை மறைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தேடிய இடத்தில் பதில் எழுதியிருந்தது. வேறு எந்த இயங்குதளத்திலும் எனக்கு இது கிடைத்ததில்லை, நான் திரும்பிப் போகப்போவதுமில்லை.

ஆனாலும் நேற்று நண்பனுக்கு எழுதிய பதில் இதுதான்: "உன்கிட்டயும் இதே கார்டு, இதே மூடின டிரைவர்தான் போடணும். வேண்டாம்டா. போட்டே ஆகணும்னா தூங்கவைக்காதே, சேமிச்சுட்டு ஆஃப் பண்ணிடு."

அதை அனுப்பிய மறுநாளான இன்று, கேடென்லைவில் அதே வீடியோவைத் திறந்து வைத்து, குறித்த நேரத்தில் எழுப்பும் ஆர்டிசிவேக் கட்டளையால் முப்பது நொடி தூங்கி எழும் சோதனையை இருபது முறைக்கு ஓடவிட்டிருக்கிறேன். இதைப் போனில் எழுதி முடிக்கும்போது பதினான்காவது முறை எழுந்திருக்கிறது.