ரிங்கிள் பெயின்ட் வாங்கலாமா? பழைய ஹோண்டா சிட்டி டேப்பெட் கவரில் அடித்துப் பார்த்த அனுபவம்

பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ந்ததும் சுருக்கம் சுருக்கமாக நிற்கும் வி.எச்.டி. (VHT) ரிங்கிள் பிளஸ் ஸ்ப்ரே நல்ல சரக்கு, தாராளமாக வாங்கலாம். ஆனால் டேப்பெட் கவர் (எஞ்சின் தலையை மூடும் மேல்மூடி) ஓரத்தில் ஆயில் கசிகிறது, ஒரு பெயின்ட் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள். கசிவை நிறுத்துவது கவருக்கு அடியில் உட்காரும் ரப்பர் பேக்கிங். பெயின்ட் என்பது, பானெட்டைத் திறக்கும்போது நமக்கு வரும் சந்தோஷத்துக்கு. இரண்டுக்கும் கவரைக் கழற்றத்தான் வேண்டும் என்பதால் ஒரே மூச்சில் செய்துவிடலாம், அவ்வளவுதான் சம்பந்தம்.

என்னுடையது 2001 மாடல் சிட்டி 1.5 விடெக், இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை சிட்டி. முன்பக்க ஓரத்தில் ஆயில் கசிந்து கீழே எக்ஸாஸ்ட் மேனிபோல்டு (புகை வெளியேறும் சூடான குழாய்) மேல் சொட்டி, சிக்னலில் நின்றால் ஏசி வழியாகக் கருகல் நெடி. பிளக் ஒயரை உருவினால் அதன் ரப்பர் மூடி ஆயிலில் ஊறி வழுவழுவென்று வெளியே வந்தது. அப்படி வந்தால் பிளக் குழியைச் சுற்றி இருக்கும் நான்கு ரப்பர் வளையங்களும் இறுகிப்போய்விட்டன என்று அர்த்தம், பேக்கிங்கோடு அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். கவர் மேல் இருந்த பழைய பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து, அதற்குள் ஆயில் இறங்கி, பார்க்கவே சகிக்கவில்லை.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. பிளக் ஒயர்கள், பிசிவி ஹோஸ், பிரீத்தர் ஹோஸ் (இரண்டும் எஞ்சின் உள்காற்று போய்வரும் ரப்பர் குழாய்கள்), கவரில் பூட்டியிருக்கும் எர்த் ஒயர், அப்புறம் பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனரில் மூடி போட்ட நட்டுகள். நட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் கையோடு வரும், தொலைத்துவிடாதீர்கள். கவர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்புகிற மெக்கானிக்கை நானே பார்த்திருக்கிறேன். கவர் உட்காரும் அந்த முகப்பில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் அந்த இடத்தில் ஆயில் எட்டிப் பார்க்கும். கவர் வெளியே இருக்கும் நேரத்தில் எஞ்சின் மேல் சுத்தமான துணியைப் போட்டு மூடிவையுங்கள். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடும் சந்து) பார்ப்பதாக இருந்தால் அதற்கும் இதுதான் சமயம், எஞ்சின் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது பார்க்க வேண்டும் என்பது ஹோண்டா கணக்கு. சென்னை மே மாதத்தில் அதற்கு விடியற்காலையில்தான் எழுந்திருக்க வேண்டும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. பழைய பெயின்ட்டை எடுக்க ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர் ஜெல் போதும். பிரஷ்ஷால் கெட்டியாகப் பூசி, மேலே பாலிதீன் தாள் போட்டு மூடிவிட்டால் கொஞ்ச நேரத்தில் பெயின்ட் சுருங்கி எழும்பி நிற்கும், பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிடலாம். மொட்டை மாடியில் செய்யுங்கள், கையுறை கட்டாயம், கதவை மூடிக்கொண்டு அறைக்குள் வேண்டவே வேண்டாம். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் காஸ்டிக் சோடா கரைசலில் கவரை ஊறப்போடச் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும், நுரைத்து வருவது ஹைட்ரஜன் வாயு. சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியில் இருப்பதும் அதேதான்.

மணலை வேகமாக அடித்துப் பெயின்ட்டை உரிக்கும் பிளாஸ்டிங் கடைக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். கொடுக்கலாம், பளிச்சென்று வரும். ஆனால் கவரைத் திருப்பிப் பாருங்கள், உள்பக்கம் ஒரு தகடு பதித்திருக்கும். ஆயில் தெறித்து பிசிவி ஹோஸுக்குள் போகாமல் தடுக்கிற தகடு அது. அதற்குப் பின்னால் மணல் புகுந்தால் கழுவி எடுப்பது மகா கஷ்டம், எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு மணியாக ஆயிலில் விழும், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் வரைக்கும் போகும். பவுடர் கோட்டிங் (பொடியைப் பூசிச் சூட்டில் உருக்குவது) செய்கிறவர்களும் முதலில் பிளாஸ்டிங்தான் செய்வார்கள் என்பதால் அங்கேயும் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். நான் ரிமூவரும் ஒயர் பிரஷ்ஷுமாகவே முடித்துக்கொண்டேன். கடைசியில் பாத்திரம் கழுவுகிற சோப்பு, தண்ணீர், நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தடவை தின்னர் துணி. இந்தத் துடைப்புக்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது.

பெயின்ட்டுக்கு வருவோம். இந்த ரிங்கிள் வகை ஸ்ப்ரேயில் மேல்தோல் முதலில் காயும், அடியில் ஈரம் இருக்கும், அதனால்தான் மேல்தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாகிறது. பழைய கேமரா, டைப்ரைட்டர் மேல் பார்த்திருப்பீர்கள். ஆகவே மெல்லிசாக அடித்தால் சுருக்கமே வராது. சாதாரண ஸ்ப்ரேயில் லேசாக அடி, வழியவிடாதே என்று பழகிய கைக்கு இது சுத்தமாகத் தலைகீழ். டின்னில் போட்டிருப்பதும் அதுதான்: மூன்று கனமான கோட்டிங், நடுவில் ஐந்து ஐந்து நிமிடம், ஒன்று குறுக்காக, அடுத்தது நெடுக்காக, மூன்றாவது சாய்வாக. வழிந்துவிடுமோ என்று பயம் வரும் அளவுக்கு அடிக்க வேண்டும், ஆனால் கவர் படுக்கையாக இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சுவர்களில்தான் சிக்கல், அங்கே பெயின்ட் கீழே இறங்கி மேல் ஓரம் மொழுமொழுவென்று நின்றுவிடும். பக்கங்களை முதலில் அடித்துவிட்டு மேல்பரப்பைக் கடைசியில் அடித்தால் ஓரளவு ஒரே மாதிரி வருகிறது.

மூன்றாவது கோட்டிங் முடிந்து கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது, பளபளவென்று ஈரமாகவே கிடக்கும், காசு வீணாகிவிட்டதே என்று தோன்றும். ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், பால் ஆறும்போது ஆடை சுருங்குமே அதேபோல் ஒரு மூலையில் ஆரம்பித்து கவர் முழுக்கச் சுருக்கம் ஓடுகிறது. இதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு கவர் கிடைக்காதா என்று இருந்தது. சூடு அதிகமாகக் காட்டினால் சுருக்கம் நுணுக்கமாகவும் நெருக்கமாகவும் வருகிறது, வெயிலில் விட்டால் பெரிது பெரிதாக வருகிறது. எது பிடிக்கும் என்று ஒரு பழைய தகரத்தில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அடிப்பதற்கு முன் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டிய இடங்கள் முக்கியம். பேக்கிங் உட்காரும் பள்ளம், நட்டுக்கடியில் ரப்பர் வாஷர் அழுந்தும் வட்டம், ஆயில் மூடி உட்காரும் வாய், எர்த் ஒயர் பூட்டும் இடம். கடைசியாகச் சொன்னதில் பெயின்ட் ஏறினால் எர்த் கிடைக்காது, அப்புறம் எலக்ட்ரீஷியனிடம் போய் நிற்க வேண்டியதுதான். வெறும் அலுமினியம் தெரிகிற இடத்தில் எட்ச் பிரைமர் (உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் அடிப் பூச்சு) ஒரு கோட்டிங் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. புடைப்பாக இருக்கும் ஹோண்டா எழுத்தை, பெயின்ட் நன்றாக இறுகிய பிறகு, ஒரு மரக்கட்டையில் 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் வெள்ளி மாதிரி எழுத்து மட்டும் மேலே வரும். விரலால் அழுத்தித் தேய்த்தால் சுற்றியுள்ள கறுப்பும் போய்விடும், கட்டை வேண்டும்.

பேக்கிங் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சென்னை ஜிபி ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் "அதே குவாலிட்டிதான் சார், பாதி விலை" என்று கொடுத்த செட் மூலைகளில் பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை, அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. திருப்பிக் கொடுக்கப் போனால் பில் இல்லாமல் எடுக்க மாட்டார்களாம், பில் கேட்டபோது கொடுக்காதவர்களும் அவர்கள்தான். அப்புறம் கம்பெனி பேக்கிங்கே வாங்கினேன், கையால் அழுத்தியதும் உட்கார்ந்தது. கேம் ஷாஃப்ட் முனைகளில் பேக்கிங் வளைந்து ஏறும் மூலைகளுக்கு மட்டும் ஒரு பொட்டு அனபாண்ட் சிலிக்கான் பசை, சுற்றி முழுக்கப் பூச வேண்டியதில்லை. நட்டுக்கு டார்க் (முறுக்கு விசை) 9.8 நியூட்டன் மீட்டர்தான், அதாவது சின்ன ஸ்பேனரை ஒரு கையால் முறுக்குகிற அளவு, நடுவிலிருந்து வெளியே இரண்டு மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக. பலத்தைக் காட்டினால் போல்ட் கையோடு வந்துவிடும்.

குறை என்று சொன்னால், சுருக்கத்துக்குள் தூசு உட்கார்ந்துவிடுகிறது, துணியால் துடைத்தால் நூல் நூலாகப் பஞ்சு மாட்டிக்கொள்கிறது. பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர்தான் வழி. இது எந்த ரிங்கிள் பெயின்ட்டுக்கும் உள்ளதுதான். சூடு தாங்குவது 350 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 177 டிகிரி செல்சியஸ். டேப்பெட் கவருக்கு இது தாராளம், எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்கு ஆகாது. விலை, இறக்குமதிச் சரக்கு என்பதால், உள்ளூர் ஸ்ப்ரே டின்னைப் போலப் பல மடங்கு. ஸ்ப்ரே டின்களை விமானத்தில் ஏற்றுவது கஷ்டம் என்பதால் ஆன்லைனில் போட்டால் தரை வழியாக ஆடி அசைந்துதான் வருகிறது. பார்சல் வந்ததும் டின் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, குலுக்கி உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கிறதா என்று சோதித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.